வாசலுக்கு வெயில் வரும் நேரம்

டிசம்பர் 29, திங்கள்

"உள்ள வந்து நிக்கட்டுங்களா டீச்சர்?"

ஒரு பிள்ளை என்னிடம் ஒருமுறை கேட்டது. இருபத்தைந்து வருடம் இருக்கும். ஐந்தாம் வகுப்பு. தாமதமாக வந்ததற்காக வராந்தாவுக்கு வெளியே நிறுத்தியிருந்தேன். உள்ளே வரட்டுமா என்று அது கேட்கவில்லை. அதே தண்டனையை உள்ளே வந்து அனுபவிக்கட்டுமா என்றுதான் கேட்டது. நான் என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை.

இன்று அது ஏன் ஞாபகத்துக்கு வந்தது என்று தெரியவில்லை.

காலையில் முதல் உறைபனி. என் வீட்டுக்காரர் தேவசகாயம் விடிந்ததும் எழுந்து, பெரணித் தழையை வெட்டி வந்து, பின்புறம் வைத்திருக்கும் இளம் தேயிலைச் செடிகளை மூடினார். "செடிக்குப் போர்வை போட்டாச்சு, எனக்கு ஒரு காபி போடு" என்றார்.

பதினோரு மணிக்கு ரேஷன் கடை. யோகமணி வந்திருந்தாள். என்னிடம் படித்தவள். மேல் லயனில், எஸ்டேட்டின் பழைய வரிசை வீடுகளில் இருக்கிறாள், கேரட் தோட்டத்தில் வேலை. புருஷன் திருப்பூரில். கூடவே அவள் மகள் தர்ஷிகா, பத்து வயது, நான் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற அதே ஓடைமட்டம் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. பிள்ளையின் விரல்கள் வீங்கி, கணுக்களில் தோல் வெடித்திருந்தது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம்.

"வீசிங்கா?" என்றேன்.

"பனி விழுந்தா வரும், வெயில் வந்தா போயிருங்க டீச்சர்" என்றாள் யோகமணி, விருந்தாளியைப் பற்றிச் சொல்வது போல.

ஜனவரி 5, திங்கள்

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் இந்த நாளில் கால் தானாக அங்கே போகிறது.

எட்டே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஊர்ப் பிள்ளைகள் பதினேழு பேர், உறைந்த புல்லின் மேல் ரப்பர் செருப்போடு நடந்து வந்தார்கள். அடிக்கு அடி அப்பளம் நொறுங்கும் சத்தம். மேல் லயனிலிருந்து பஸ்ஸில் வரும் ஒன்பது பேர் முன்பே வந்துவிட்டிருந்தார்கள். சமையலறைப் பக்கம் எங்கோ இருந்தார்கள். அவர்களை நான் அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

ஒன்பது மணிக்குப் பிரார்த்தனை. பாதிப் பிள்ளைகள் கையைக் கூப்பாமல் அக்குளில் வைத்துக்கொண்டு பாடின. முதல் பாடவேளையில் யாராலும் பென்சில் பிடிக்க முடியவில்லை.

பனி மேலிருந்து விழுகிறது என்று பிள்ளைகள் நினைக்கும். நான் வகுப்பில் ஒரு தட்டைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றிக் காட்டுவேன். குளிர்ந்த காற்றும் அப்படித்தான் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். எங்கள் பள்ளிக்கூடம் தட்டின் தாழ்ந்த ஓரத்தில் இருக்கிறது. மேட்டில் இருக்கும் எங்கள் வீட்டு முற்றத்துக்கு ஏழரைக்கே வெயில் வந்துவிடும். பத்து நிமிட நடையில் இருக்கும் பள்ளி கேட்டுக்கு, இன்று என் கடிகாரத்தில் ஒன்பது நாற்பத்தெட்டுக்குத்தான் வந்தது.

அங்கேயே முடிவு செய்தேன். பள்ளியைப் பத்து மணிக்குத் திறக்க வேண்டும். வெயிலுக்குப் பின்னால் பிள்ளைகள் வர வேண்டும்.

ஜனவரி 7, புதன்

மனு எழுதி முடித்தேன். இரண்டு பக்கம். தட்டு உதாரணத்தையும் சேர்த்திருக்கிறேன்.

இப்போதைய தலைமையாசிரியர் ஜெயக்கொடி நல்ல மனிதர். அருவங்காடு பக்கமிருந்து பைக்கில் வருகிறார். "நீங்களே குடுங்க டீச்சர். நான் குடுத்தா, வாத்தியார் தூங்கறதுக்கு வழி தேடுறான்னு சொல்லிருவாங்க" என்றார்.

அவரிடம் படித்துக் காட்டினேன். அவர் என்றால் வீட்டுக்காரர். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கணப்பைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"ஏன் சலோமி, ஒன்பது அஞ்சுக்கு கேட்டைச் சாத்துற பழக்கத்தைக் கொண்டு வந்தது யாரு?"

"அது வேற காலம்" என்றேன்.

"பனி அதே பனிதானே?"

மனுவை மடித்து வைத்தேன். இவரிடம் எதையும் படித்துக் காட்டக் கூடாது.

ஜனவரி 8, வியாழன்

வாளித் தண்ணீர் மேலே தட்டு மாதிரி உறைந்திருந்தது. கரண்டியால் உடைத்தேன்.

ஜனவரி 11, ஞாயிறு

கோயிலில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கையெழுத்து வாங்கக் கிளம்பினேன். மேல் லயனுக்கு வீட்டுக்காரரும் நானும் வாடகை ஜீப்பில் போனோம். இருபத்தாறு பிள்ளைகளின் வீடுகளிலும் வாங்கிவிட்டேன். ஒருவர்கூட மறுக்கவில்லை. ஒருவர்கூடப் படித்துப் பார்க்கவும் இல்லை. "டீச்சர் எழுதுனா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிக் கையெழுத்திட்டார்கள். பெருமையாக இருந்தது.

யோகமணி கையைக் கழுவி, சேலையில் துடைத்துவிட்டுப் பேனாவை வாங்கினாள். எழுத்து இன்னும் நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே உருண்டையாக இருக்கிறது.

"என்னைப் பத்தி என்ன நெனச்சிருக்க யோகமணி?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"நீங்க ரொம்பக் கண்டிப்புங்க டீச்சர். அதனாலதான் இவ ஒரு நாள்கூட லேட்டாப் போனதில்ல. நாலு வருசமா."

ஒரு ஆசிரியைக்கு இதைவிட என்ன வேண்டும்.

ஜனவரி 13, செவ்வாய்

மாவட்ட அலுவலகம். இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். அதிகாரி மரியாதையாக உட்காரச் சொன்னார். அவர் காலடியில் ஹீட்டர் இருந்தது. குறையாகச் சொல்லவில்லை, பார்த்ததை எழுதுகிறேன்.

"உங்க ஊருக்கு மட்டும் தனி நேரமா மேடம்?"

"எங்க ஊருக்கு மட்டும் வெயில் தனி நேரத்துல வருதே சார்" என்றேன். சிரித்துவிட்டார். மேசை மேல் இருந்த கண்ணாடித் தட்டைச் சாய்த்துக் காட்டினேன். முழுதாகக் கேட்டார்.

கடைசியாக, "பஸ் நேரமெல்லாம் பாத்துக்கிட்டீங்களா?" என்றார்.

"அதைப் பிறகு சரி பண்ணிக்கலாம் சார்" என்றேன்.

ஜனவரி 16, வெள்ளி

மாட்டுப் பொங்கல். பனி இல்லை, மேகம். முட்டி வலி.

ஜனவரி 21, புதன்

உத்தரவு வந்துவிட்டது! பிப்ரவரி 27 வரை ஓடைமட்டம் பள்ளி பத்து மணிக்குத் திறக்கும். காலைச் சாப்பாடும் அதற்கேற்ப ஒன்பதே முக்காலுக்கு. ஜெயக்கொடி சார் போனில் படித்துக் காட்டினார். வீட்டுக்காரர் தானாகப் போய் எனக்குக் காபி போட்டுக்கொண்டு வந்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார். சொல்லாமல் குடித்தேன்.

ஜனவரி 22, வியாழன்

மூக்கடைப்பு. போகவில்லை. ஒன்பதரைக்கு சன்னல் வழியாக ஊர்ப் பிள்ளைகள் வெயிலில் நடந்து போவதைப் பார்த்தேன். யாரும் கையை அக்குளில் வைத்துக்கொள்ளவில்லை. ஒருவன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினான்.

பால் ஊற்றப் போய் வந்த வீட்டுக்காரர், கேட்டுக்கு முன்னால் ஏதோ பிள்ளைகள் நிற்கின்றன என்றார். முதல் நாள்தானே, பழகிவிடும் என்றேன்.

ஜனவரி 23, வெள்ளி

எட்டு இருபதுக்குப் போனேன். ஒன்பது பிள்ளைகள். மேல் லயன் பிள்ளைகள். கேட்டில் பூட்டு.

பஸ் எட்டு மணிக்கு இறக்கிவிட்டுப் போயிருக்கிறது. அடுத்த பஸ் பத்தே முக்காலுக்குத்தான். நாலு கிலோமீட்டர் நடக்கலாம் என்றால் பாதையில் காட்டெருமைகள். யாரும் பிள்ளைகளை நடத்தி அனுப்ப மாட்டார்கள். ஒன்பது பேரும் பையை மடியில் வைத்து ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள், தர்ஷிகாவைத் தவிர. அவள் கேட்டை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள்.

"இத்தனை நாளும் எங்கடா இருப்பீங்க?"

"சமையக்கட்டுல டீச்சர். பாக்கியம் அக்கா எட்டு மணிக்கெல்லாம் அடுப்புப் பத்த வெச்சிருவாங்க. உப்புமா கிண்டுற வரைக்கும் சுத்தி உக்காந்துக்குவோம்."

சமையல்காரி பாக்கியலட்சுமி ஒன்பதுக்கு வந்தாள். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. "நல்ல காரியம் பண்ணுனீங்க டீச்சர். இப்பத்தான் மாட்டைக் கறந்து டிப்போவுல ஊத்திட்டு நிதானமா வர்றேன்."

உறைந்த காலையில் அந்த ஒன்பது பேருக்கு இருந்த ஒரே அடுப்பை, இரண்டு பக்க மனு எழுதி நான் அணைத்திருக்கிறேன்.

ஜனவரி 24, சனி

பஸ் டிப்போ. காலைப் பஸ்ஸில் பிள்ளைகள் ஒன்பது பேர், தேயிலை ஃபேக்டரிக்குப் போகிறவர்கள் நாற்பது பேர். நேரத்தை மாற்ற முடியாது. அவர்கள் சொல்வதும் நியாயம்தான்.

ஜெயக்கொடி சாரிடம் சாவி கேட்டேன். "கரடி ரெண்டு தடவை உள்ள பூந்து எண்ணெய் டின்னை உருட்டிட்டுப் போயிருக்கு டீச்சர். ஆள் இல்லாம கேட்டைத் திறந்து விட்டு, பிள்ளைங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பதில் சொல்றது? இனி நான் வர்ற வரைக்கும் பிள்ளைங்களை உள்ள விடாதேன்னு பாக்கியத்துக்கிட்டயும் சொல்லிட்டேன். நீங்களே ஹெச்.எம்.மா இருந்தா குடுப்பீங்களா?"

கொடுத்திருக்க மாட்டேன்.

"பதினேழு பேருக்கு நல்லது நடந்திருக்கு டீச்சர், அதையும் பாருங்க" என்றார். கணக்கு சரி. கணக்கில் வராத ஒன்பது பேர் நிற்கிறார்கள்.

ஜனவரி 27, செவ்வாய்

வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். எட்டு மணிக்குப் போய் எல்லாரையும் எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னேன். வெயில், கணப்பு, பால் சேர்க்காத வறக்காப்பி, பன். ஒன்பதரைக்குத் திரும்பக் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னேன். எட்டுப் பேர் குதித்தார்கள். தர்ஷிகா அசையவில்லை.

"வா கண்ணு."

"இல்லைங்க டீச்சர். கேட்டுக்கிட்டயே நிக்கணும்னு அம்மா சொல்லிருக்காங்க. எங்கயாவது போயி லேட்டாயிருச்சுன்னா?"

"நான்தான் கூட்டிட்டு வருவேனே. டீச்சர் சொன்னா கேக்க மாட்டியா?"

யோசித்தாள். மரியாதைக் குறைவாக இல்லை, விவரம் சொல்வது போலத்தான் சொன்னாள்: "நீங்க இப்ப டீச்சர் இல்லீங்களே."

கூட வந்திருந்த வீட்டுக்காரர் தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தார். வாங்கி, அழகாக மடித்துப் பைமேல் வைத்துக்கொண்டாள். அது யூனிஃபார்ம் நிறம் இல்லையாம்.

எட்டுப் பேர் எங்கள் வீட்டில் பன் தின்று கூச்சல் போட்டார்கள். நான் சன்னலில் நின்று பள்ளத்தைப் பார்த்தேன். கீழே எல்லாம் வெள்ளை. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு நீலப் புள்ளி.

ஜனவரி 28, புதன்

கேரட் தோட்டத்துக்குப் போய் யோகமணியைப் பார்த்தேன். குளிர், கேரட் விலை, வீசிங் மருந்து பற்றியெல்லாம் பேசினோம். பிள்ளையை எங்கள் வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன். "சரிங்க டீச்சர், சொல்றேன்" என்றாள். அவ்வளவுதான்.

ஜனவரி 29, வியாழன்

நேற்று எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

யோகமணி கேரட் கழுவும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். கை முழங்கை வரை ஈரம். "அவளைக் கேட்டுக்கிட்ட நிக்கச் சொன்னியாமே" என்று கேட்டதற்குத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஆமாங்க டீச்சர். லேட்டாப் போனா வெளிய நிக்கணுமில்ல? நான் அஞ்சாவது படிக்கிறப்ப ஒரு நாள் பாதையில காட்டெருமை நின்னுச்சு. அது நகர்ற வரைக்கும் செடிக்குள்ள உக்காந்துட்டு வந்தேன். உங்ககிட்ட சொன்னேன். தினம் ஒருத்தருக்குக் காட்டெருமையான்னு கேட்டீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. உள்ள எட்டாம் வாய்ப்பாடு சொல்லிட்டு இருந்தாங்க. அப்புறம் மத்தியானம் வரைக்கும் எனக்குக் கால் இருக்கிறதே தெரியல. இன்னிக்கு வரைக்கும் எட்டாம் வாய்ப்பாடு வராதுங்க எனக்கு."

கோபமே இல்லை. வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல, நடுவில் லேசாகச் சிரித்தாள்கூட.

"ஆனா இப்ப கேட்டே பூட்டியிருக்கேம்மா. சீக்கிரம் போனாலும் வெளியதானே நிக்கிறா?"

அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சீக்கிரம் போயி நின்னா அது நாமளா நிக்கிறதுங்க டீச்சர். யாரும் நிக்க வைக்கல."

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். மேஸ்திரி கூப்பிட்டார், அவள் போய்விட்டாள். மேஸ்திரி கூப்பிடாவிட்டாலும் கேட்டிருப்பேனா என்று தெரியவில்லை.

பிப்ரவரி 2, திங்கள்

எட்டு ஐம்பதுக்குத் தர்ஷிகாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஃப்ளாஸ்கில் வெந்நீர் இருந்தது, தோளில் சால்வை இருந்தது, ஒன்றும் உதவவில்லை. உதடு நீலமாகிவிட்டது. வீட்டுக்காரர் யாருடைய ஆட்டோவையோ நிறுத்தினார். அரசு மருத்துவமனையில் குழாயோடு மாஸ்க் மாட்டி நெபுலைசர் போட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சீராயிற்று. இரண்டு நாள் இருக்க வேண்டும் என்றார்கள்.

மாஸ்க்கை நகர்த்திவிட்டுப் பிள்ளை கேட்ட முதல் கேள்வி: "அட்டெண்டன்ஸ் எடுத்திருப்பாங்களா?"

யோகமணி சேற்றுக்காலோடு ஓடி வந்தாள். கட்டிலைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"அவகிட்ட உங்க வீட்டுக்குப் போகச் சொன்னேங்க டீச்சர். கேக்க மாட்டேங்கறா. நான் பழக்குனது அப்படி" என்றாள். பிறகு, "ஒரு லீவு லெட்டர் எழுதிக் குடுத்துருங்க டீச்சர். நீங்க எழுதுனா அவ நம்புவா."

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். எத்தனையோ ஆயிரம் லீவு லெட்டர் வாங்கியிருக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. "தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

பிப்ரவரி 4, புதன்

அதிகாரியிடம் போய் உத்தரவை ரத்து செய்யக் கேட்டேன். இல்லாவிட்டால் சமையலையாவது எட்டு மணிக்கு மாற்றக் கேட்டேன்.

"மேடம், மூணு வாரம் முன்னாடிதான் நீங்களே வந்து கேட்டு வாங்கிட்டுப் போனீங்க. இருபத்தாறு பெற்றோர் கையெழுத்து இருக்கு. மறுபடி மாத்தணும்னா மேல எழுதி, பதில் வரணும். அதுக்குள்ள பனியே முடிஞ்சிரும்."

உண்மைதான். முடிந்துவிடும். அடுத்த வருடம் மறுபடி வரும்.

வெளியே வரும்போது அவர் எழுந்து நின்று வழியனுப்பினார்.

பிப்ரவரி 5, வியாழன்

ஊர்ப் பெண்கள் இருவர் வழியில் நிறுத்தி, உத்தரவு வாங்கிக் கொடுத்ததற்கு நன்றி சொன்னார்கள்.

பிப்ரவரி 9, திங்கள்

தர்ஷிகா பள்ளிக்குத் திரும்பிவிட்டாள். இன்ஹேலர் கழுத்தில் கயிற்றில் தொங்குகிறது, விசில் மாதிரி.

இப்போது நான் ஏழே முக்காலுக்கே கேட்டுக்குப் போய்விடுகிறேன். எட்டுப் பேரை அவர் மேட்டுக்கு ஓட்டிப் போகிறார். "பட்டாளம், நடையைக் கட்டு!" என்று சத்தம் போட்டால் அவர்களுக்குச் சிரிப்பு. தர்ஷிகா வருவதில்லை. கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன். நானும் பக்கத்தில் நிற்கிறேன். சாக்குப்பை ஒன்றை நாலாக மடித்துக் கொண்டுபோனேன். அதன்மேல் நின்றுகொள்ளச் சம்மதித்தாள். இதுவரை நான் சாதித்தது அந்தச் சாக்கு ஒன்றுதான்.

அரை மணி நேரத்தில் எனக்கு முட்டிக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. நான் கம்பளிக் காலுறை போட்டிருந்தேன்.

நேரம் போக வாய்ப்பாடு கேட்டேன். ஏழு சொன்னாள், ஒன்பது சொன்னாள். எட்டைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவளாகவே, "எட்டு கேக்கலீங்களா டீச்சர்? அம்மாவுக்கு வராது. நானாப் படிச்சேன்" என்று சொல்லி ஆரம்பித்தாள். ஒவ்வொரு பெருக்கலுக்கும் ஒரு சிறு வெண்புகை. எட்டேழில் மூச்சு நின்றது. காத்திருந்தேன். ஐம்பத்தாறு என்றாள்.

உள்ளே வந்து நிற்கக் கேட்ட பிள்ளைக்குச் சொன்ன பதில் நினைவில்லை என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நினைவிருக்கிறது. "நேரத்துக்கு வந்தவங்களுக்குத்தான் உள்ள இடம்" என்று சொன்னேன். சொல்லிவிட்டுக் கதவையும் சாத்தினேன், உள்ளே குளிர் வருகிறது என்று.

இன்று ஒன்பது முப்பத்தெட்டுக்குக் கேட்டுக் கம்பியில் வெயில் பட்டது. ஜெயக்கொடி சார் பூட்டைத் திறந்தார். தர்ஷிகா சாக்கை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு முதல் ஆளாக உள்ளே போனாள். நாலடி போய்த் திரும்பினாள்.

"நீங்க உள்ள வரலீங்களா டீச்சர்?"

"நீ போ கண்ணு. நான் இங்கயே நிக்கிறேன்."

இந்த நோட்டை என்றாவது யாராவது படித்தால் ஒன்று செய்து பாருங்கள். நாளைக் காலை, உங்கள் ஊர்ப் பள்ளிக்கு முதலில் வரும் பிள்ளைக்கும் முன்னால் போய், கேட் திறக்கும் வரை அந்தப் பிள்ளையோடு நில்லுங்கள்.